மார்பில் எழுதியிருந்ததற்கு நான் சொன்ன பொருள்

நான் ஆங்கிலம் படித்தது பாதி பள்ளிக்கூடத்தில், மீதி பனியன்களின் மார்பில். வீரபாண்டியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் பத்துக் குடும்பங்கள். பத்துக் குடும்பமும் உடுத்தியது கம்பெனியில் கழித்துவிட்ட டீ-சர்ட்டுகளைத்தான். கழுத்துத் தையல் கோணிப்போனது, கையில் எண்ணெய்க் கறை பட்டது, ஒரு பக்கம் சாயம் வெளிறியது என்று ஏதோ ஒரு குறையால் கப்பலேறாமல் நின்றுபோனவை. குறை எங்கே இருந்தாலும் மார்பில் இருந்த ஆங்கிலம் மட்டும் பளிச்சென்று இருக்கும். 'என்னை எழுப்பாதே' என்று பொருள்படும் வாசகத்தோடு அதிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்க நிற்பார்கள். 'எனக்கு மெசேஜ் அனுப்பாதே' என்பதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு பெண்கள், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போவார்கள். யாரும் அதைப் படித்ததில்லை. அது பூப்போட்ட துணியில் இருக்கும் பூவைப் போல.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டப்படிப்பு முடித்ததும் அருள்புரத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை கிடைத்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களின் மெயிலைப் படித்து, அவர்கள் கேட்பதைப் பின்னலுக்கும் தையலுக்கும் பிரிண்டிங்குக்கும் சொல்லி, இங்கே நடப்பதை அவர்களுக்குத் திருப்பி எழுதும் வேலை. முதல் வாரமே எனக்குத் தெரிந்த ஆங்கிலம் வேறு, அவர்கள் எழுதும் ஆங்கிலம் வேறு என்று புரிந்துவிட்டது. 'பால்பார்க்' சொல் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆர்டர் தாளை மேலும் கீழும் புரட்டி, பந்து போட்ட டிசைன் எது என்று தேடினேன். உத்தேசமாக ஒரு கணக்குச் சொல் என்று கேட்டிருக்கிறார். 'ஹெட்ஸ் அப்' என்றால் முன்கூட்டியே காதில் போட்டுவைப்பது. 'மை பேட்' என்றால் தப்பு என்னுடையதுதான் என்று தோளைக் குலுக்குவது. இதையெல்லாம் ஒரு டைரியில் எழுதிவைத்தேன். இடப்பக்கம் அவர்கள் சொல், வலப்பக்கம் நம் சொல்.

மெயிலில் வருவதைவிட மார்பில் அச்சடிக்க வருவது இன்னும் கடினமாக இருந்தது. 'சால்ட்டி' என்றால் உப்பு கரிப்பதல்ல, சின்ன விஷயத்துக்கெல்லாம் கடுகடுவென்று இருப்பவன். 'ஐ ஆம் டெட்' என்றால் சாவு அல்ல, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று அர்த்தம். இப்படி எழுதிக்கொண்டே போனபோது ஒன்று கவனித்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்களைத் திட்டும் சொற்களைத் தாங்களே காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். சோம்பேறி, உருப்படாதது, ஒன்றுக்கும் ஆகாதவன். எங்களைக் குனியவைக்க மற்றவர்கள் பயன்படுத்திய அதே சொற்கள். இதில் என்ன வேடிக்கை என்று எனக்கு வெகு நாள் விளங்கவில்லை. கீழே மெத்தை இருக்கிறது என்று தெரிந்தவனால்தான் விழுவதுபோல் விளையாட முடியும் என்று பிறகுதான் தோன்றியது.

அப்பா வீரபாண்டியிலேயே ஒரு பனியன் கம்பெனியின் பிரிண்டிங் யூனிட்டில் இருந்தார். நீளமான மேசையில் துணியை ஒட்டி, அதன்மேல் சட்டத்தை வைத்து, ரப்பர் கட்டையால் சாயத்தை இழுக்கும் வேலை. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். ஆறு நிறம் என்றால் அதே இடத்தில் ஆறு தடவை, மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் இழுத்து அவருடைய வலத்தோள் இடத்தோளைவிடத் தாழ்ந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஓர் எழுத்தின் ஓரம் அரை நூல் நகர்ந்திருந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புது டீ-சர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு குழாயடிக்கு வந்தார். அவர் கையாலேயே அடித்தது. உதயசூரியன் போல் கதிர்கள் விரிந்து, அதன் நடுவே வளைந்த எழுத்துகள், மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிந்தன. கழுத்துப்பட்டி கோணிப்போனதால் கழித்திருந்தார்கள். அவருக்குக் கழுத்துப்பட்டியைப் பற்றி என்ன கவலை?

பக்கத்து வீட்டுக்காரர் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அப்பா கம்பெனியிலேயே டெய்லராக இருந்தவர்.

"என்ன அண்ணாச்சி, நெஞ்சுல பெருசா எழுதிருக்கு? எவனாவது ஏசிருக்கப் போறான், பாத்துக்கிடும்."

"ஏசறதுங்களா? இருங்க. எங்கூட்டுல படிச்ச பையன் இருக்கறானுங்கல்லோ" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "இதுல என்ன போட்டிருக்குது, சொல்லு கண்ணு."

"மவனே, படிச்ச படிப்புக்கு இன்னைக்குத்தாம்ல பரீட்சை" என்று அவர் சிரித்தார். குழாயடியில் இருந்த பெண்களும் பார்த்தார்கள். அம்மா வீட்டு வாசலில் ஈரக்கையோடு வந்து நின்றார்.

'ப்ரொஃபஷனல் ஃப்ரீலோடர்' என்று போட்டிருந்தது. ஓசியில் தின்பதையே தொழிலாக வைத்திருப்பவன். என் டைரியில் அது முந்தின வாரமே ஏறியிருந்தது.

அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் விரல் நகங்களின் ஓரத்தில் அந்த மஞ்சளும் சிவப்பும் இன்னும் போகாமல் இருந்தன.

"தன் பாரத்தத் தானே சொமக்கறவன்னு அர்த்தமுங்கப்பா. ஒழைப்பாளிங்கற மாதிரி."

அவ்வளவு சரளமாக அந்தப் பொய் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அப்பா உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ ஒமக்குன்னே அடிச்சதுதாம்வே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அதன்பிறகு அந்த டீ-சர்ட் எங்கள் வீட்டில் பட்டு வேட்டி ஆகிவிட்டது. துவைக்கும்போது உள்பக்கம் திருப்பிப் போட வேண்டும், எழுத்து வெளுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவைத்தார். மடத்துக்குளத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அதைத்தான் போட்டார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பொருள் சொன்னார். "எம்பட பையன் சொன்னானுங்க" என்று முடிப்பார். பஸ்ஸில் திரும்பும்போது ஒருமுறை, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் ஜன்னலோரம் தூங்கிப்போயிருந்தார். பொங்கலுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பொங்கலும் போனது. ஒருநாள் அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அம்மா எடுத்துத் தூசி தட்டி, "இதெப்படி இங்க உழுந்துச்சு?" என்று மடித்து மேலே வைத்தார். இப்படியே இரண்டு வருடம்.

ஆயுத பூஜைக்கு அப்பா கம்பெனியில் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். மேசைக் கால்களில் வாழைக்கன்று கட்டி, கழுவித் துடைத்த சட்டங்களுக்குச் சந்தனம் வைத்து, ரப்பர் கட்டைகளை வரிசையாக அடுக்கிக் குங்குமம் இட்டிருந்தார்கள். நானும் அம்மாவும் போயிருந்தோம். ஆபீஸிலிருந்து ஒரு மேடம் ஸ்வீட் பாக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். புதிதாகச் சேர்ந்த மெர்ச்சன்டைசர். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். நல்ல சுபாவம். அப்பாவுக்கு முன்னால் வந்ததும் கை அப்படியே நின்றது, சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்கண்ணா, இதப் போட்டுட்டா பூஜைக்கு வந்தீங்க?"

"நானே அடிச்சதுங்க மேடம். ஆறு கலரு. ஒரு நூலு வெலகியிருக்குதான்னு பாருங்க."

"அதில்லீங்கண்ணா. என்ன போட்டிருக்குதுன்னு தெரியுமுங்களா?"

அப்பா நிமிர்ந்து நின்றார். "தெரியுமுங்க. தன் பாரத்தத் தானே சொமக்கறவன். ஒழைப்பாளி."

"அய்யோ, யாருங்கண்ணா அப்படிச் சொன்னது? ஓசியிலயே காலத்த ஓட்டறவன்னு போட்டிருக்குதுங்க. சும்மா தமாசுக்குப் போடறது" என்றார் அந்த மேடம். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. என் டைரியில் இருந்த பொருளைத்தான் அவரும் சொன்னார், அவ்வளவுதான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி, ரெண்டு வருசமா ஓசிச்சோறுன்னு போர்டு மாட்டிட்டுல்லா சுத்திருக்கீரு!" என்று பக்கத்து வீட்டுக்காரர் தொடங்கினார். அடுத்த வாக்கியத்தில் என் பெயர் வர வேண்டும். குழாயடியில் அவரும்தான் இருந்தாரே. அவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கையிலிருந்த பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. "அப்படீங்களா" என்றார் மேடத்திடம். "நானா நெனச்சுக்கிட்டதுங்க. யாருஞ் சொல்லலீங்க."

எல்லோருக்கும் பையனைக் காட்டி முடிக்கும் மனிதர், அன்று முதல்முறையாக என்னை மறைத்தார்.

திரும்பி நடந்து வரும்போது அம்மா முன்னால் போய்விட்டார். அப்பா பொரிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாயப்பட்டறைத் தெருமுனையில் நின்று கேட்டார்.

"தெரியாமச் சொன்னியா, தெரிஞ்சே சொன்னியா?"

தெரியாமல் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் இன்னொரு பொய் என் வாய்வரை வந்தும்விட்டது. ஏனோ சொல்ல முடியவில்லை.

"தெரிஞ்சேதானுங்கப்பா."

"தெரியாமச் சொல்லியிருந்தீன்னா ஒண்ணுமில்ல கண்ணு. படிச்சுக்கலாம்." கொஞ்ச தூரம் நடந்தபிறகு சொன்னார்: "இந்த அப்பனுக்குத் தாங்காதுன்னு நீயே முடிவு பண்ணிப்போட்டயே."

அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த டீ-சர்ட்டைத் தூக்கியும் எறியவில்லை. வேலைக்குப் போட்டுப் போட்டே கிழித்தார். கம்பெனியில் கொஞ்ச நாள் 'ஓசி அண்ணன்' என்று கூப்பிட்டார்களாம். அவரும் "வந்துட்டனுங்க" என்று சிரிப்பாராம். மாறியது ஒன்றே ஒன்றுதான். அப்பா என்னிடம் பொருள் கேட்பதை நிறுத்திவிட்டார். மாத்திரை அட்டையை மருந்துக்கடைக்காரரிடம் நீட்டி, எப்போது போட வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். போனில் மெசேஜ் வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போவார். அந்தத் திருநெல்வேலிக்காரர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், பாதி தப்பாகச் சொல்வார். உள்ளே உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருடம் இருமல் வந்தது. சாயப் புகை என்று நினைத்தோம். உடம்பு இளைத்தது. இங்கே ஒன்றிரண்டு டாக்டரைப் பார்த்து, கடைசியில் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். படமெல்லாம் எடுத்து முடித்த அன்று மூன்று பேரும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் அப்பாவிடம் தமிழில் பேசினார். "சாப்பிடறீங்களா? தூக்கம் வருதுங்களா? வலி எங்க இருக்குது?" தன்மையான மனிதர். பிறகு என்னைப் பார்த்து, நான் படித்தவன்தானே என்று உறுதி செய்துகொண்டு, ஆங்கிலத்துக்கு மாறினார்.

நோயாளிக்கு முன்னால் கெட்ட செய்தியை அப்படித்தான் சொல்கிறார்கள். நாலு பேர் இருக்கும் அறையில், கதவைச் சாத்தாமலேயே இரண்டு பேர் மட்டும் தனியே போவதுபோல.

அவர் சொன்னதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. 'இட்ஸ் கொயட் அட்வான்ஸ்டு' என்றார். 'தேர் இஸ் நாட் மச் வீ கேன் டூ' என்றார். 'டேக் ஹிம் ஹோம், கீப் ஹிம் கம்ஃபர்டபிள்.' எவ்வளவு காலம் என்று கேட்டேன். 'எ மேட்டர் ஆஃப் மந்த்ஸ். த்ரீ, மேபி ஃபோர்.' பையர்களின் மெயில்களிலேயே மூன்று வருடத்துக்கு மேல் கழித்தவன் நான். ஆங்கிலத்தில் ஒரு விஷயம் எவ்வளவு மிருதுவாக வருகிறதோ அவ்வளவு தீர்மானமாகக் கதவு மூடுகிறது என்று எனக்குத் தெரியும். டைரி தேவைப்படவில்லை. அவர் சொல்லச் சொல்ல வலப்பக்கம் தானாகவே நிறைந்தது.

அப்பா முதலில் டாக்டரின் வாயைப் பார்த்தார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மருந்து கொடுக்கும் இடத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் அப்பா. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்கிலீசுல என்ன சொன்னாரு?" என்று கேட்டார் அப்பா. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் பொருள்.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அம்மா எனக்குத் தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம். "ஒண்ணுமில்லேன்னுதான் சொன்னாரு. மருந்துல செரியாப் போயிருமாம். இல்ல சாமி?"

"நீ செத்த இரு. அவன் சொல்லட்டும்." அப்பா என் முழங்காலில் கை வைத்தார். "நல்லாருக்கற மாதிரி ஜோடிக்காத கண்ணு. அவரு சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். டாக்டர் சொன்ன வரிசையிலேயே, ஒவ்வொரு வாக்கியமாக. நோய் ரொம்ப முத்திப்போயிருக்குதுங்க. இனிப் பண்றதுக்குப் பெருசா ஒண்ணுமில்லீங்களாம். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போய், நோவு தெரியாமப் பாத்துக்கச் சொன்னாருங்க. மாசக் கணக்குதானுங்களாம்.

"மாசக் கணக்குன்னா?"

"மூணு... நாலுங்கப்பா."

டோக்கன் நம்பரை ஒரு பெண் குரல் கூப்பிட்டது. எங்களுடையது அல்ல.

"செரி" என்றார் அப்பா. ஓர் அச்சைப் பார்த்து, ஓரம் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டதும் சொல்வாரே, அந்தச் 'செரி'. "இது நெசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அம்மாவின் கை அவர் முதுகிலிருந்து எப்போது விலகியது என்று நான் கவனிக்கவில்லை.

அதன்பிறகு நாலு மாதம் இருந்தார். அந்த நாட்களில் மறுபடியும் என்னிடம் எல்லாவற்றுக்கும் பொருள் கேட்டார். மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது, ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடு எதற்கு, டிவியில் அந்தப் பையன் அடிக்கடி 'சில், சில்' என்கிறானே, குளிருதாமா? "குளிரெல்லாம் இல்லீங்கப்பா, பதறாம இருன்னு அர்த்தம்" என்றேன். "நல்ல வார்த்தைதான்" என்றார். ஒவ்வொன்றுக்கும் உள்ளது உள்ளபடியே சொன்னேன். அப்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பா போய்க்கொண்டிருந்தார், எனக்கோ அவர் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று இருந்தது.

கடைசி மாதம் வலி மாத்திரைக்கு அடங்கவில்லை. ஒரு மத்தியானம் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"டாக்டரு ஊட்டுல எப்படி வெச்சுக்கச் சொன்னாரு? அந்த வார்த்தைக்கு இன்னொருக்கா மீனிங் சொல்லு."

"நோவு தெரியாமப் பாத்துக்கறதுங்கப்பா."

"அப்படி இல்லையே கண்ணு" என்றார். குறை சொல்வதுபோல் இல்லை. எனக்குத் தெரிவிப்பதுபோல் இருந்தது.

அவர் போனபிறகு அம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. துக்கம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். காரியமெல்லாம் முடிந்து, பழையபடி செக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஆனால் சோறு போடும்போது தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு காலை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா கேட்டாருங்கம்மா. அதனாலதான் சொன்னேன். இன்னொருக்கா அவருகிட்டப் பொய் சொல்ல என்னால முடியல."

"அவரு கேட்டாரு. நீ சொன்ன. அது தப்புன்னு நான் சொன்னனா?"

மூடியை அழுத்தினார். அது உட்காரவில்லை. திரும்பவும் அழுத்தினார்.

"நான் கேக்கலியே சாமி. அந்தப் பக்கம் நானும்தான ஒக்காந்திருந்தன். வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டினன், நீ பாத்த. நீங்க ரெண்டு பேரும் நெசம் பேசி முடிச்சுட்டீங்க. நாலு மாசமும் அவருக்குச் சோத்தப் போடறப்பெல்லாம் இன்னும் எத்தன வேளைன்னு எண்ணிக்கிட்டே போட்டன். ஒருநா நல்லாச் சிரிச்சுப் பேசினாரு, அப்பவும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தன். தெரியாம இருந்திருந்தா, அந்த நாலு மாசமும் அவருகூட இருந்திருப்பனே."

அன்று அம்மா தலையாட்டியதை, அப்பாவிடம் பொய் சொல்லச் சொல்கிறார் என்று மட்டுமே நான் எடுத்துக்கொண்டேன். தனக்காகவும்தான் அதைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டையை மாட்டிப் பட்டன் போட்டார். டிபன் பாக்ஸ் மூடாமலேயே கிடந்தது. அப்படியே பைக்குள் வைத்து, சாயாமல் அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.